முதல் கல் எறிகிறவரின் கடைசிக் கல்

சுவிட்சர்லாந்தில் ரயில் கதவுகள் தானாகத் திறக்காது. இந்த ஒரு தகவலை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால், ஓஸ்டர்முண்டிகன் என்ற ஊரை நான் இரண்டு தடவை கடந்து போயிருக்க மாட்டேன்.

பெட்டியைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு நேராக நின்றேன். ரயில் நின்றது. கதவு திறக்கவில்லை. அவசரப்படக் கூடாது, வெளிநாடு என்று மரியாதையாகக் காத்திருந்தேன். ரயில் கிளம்பிவிட்டது. அடுத்த நிலையத்தில் ஒரு பெண் என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி ஒரு பொத்தானை அமுக்க, கதவு திறந்தது. எதிர்த் திசை ரயிலைப் பிடித்துத் திரும்பினேன். இந்த முறை பொத்தானை நன்றாகவே அமுக்கினேன், ஆனால் தண்டவாளப் பக்கத்துக் கதவின் பொத்தானை. நடைமேடை எனக்குப் பின்னால் இருந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் அந்த ரயிலும் கிளம்பிவிட்டது.

நான் வேலூர்க்காரி. எங்கள் பக்கத்தில் ரயில் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். அதில் நான்கு பேர் தொங்கிக்கொண்டிருப்பார்கள், அவர்களைத் தள்ளிக்கொண்டு இறங்குவதுதான் கஷ்டம். யாருமே இல்லாத கதவை எப்படித் திறப்பது என்று எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

மூன்றாவது முயற்சியில் இறங்கினேன். அக்டோபர் மாதத்து வியாழக்கிழமை மாலை. எதிரே வந்தவர்கள் எல்லாம் ‘க்ருயெஸ்ஸெக்’ என்று வணக்கம் சொன்னார்கள். அதற்கு முந்தைய இரண்டு நாளும் ஷ்லீரனில் இருந்தேன், அங்கே ‘க்ருயெட்ஸி’. ஒரு மணி நேர ரயில் தூரத்துக்குள் வணக்கமே மாறிவிடுகிறது. நான் இரண்டுக்கும் பொதுவாகப் பல்லைக் காட்டினேன்.

ஷ்லீரனுக்கு வந்தது கம்பெனி வேலையாக. ஒரகடத்தில் பேரிங் செய்யும் ஜப்பானியக் கம்பெனி ஒன்றில் நான் மொழிபெயர்ப்பாளர். ஒரு எந்திரம் வாங்க வந்த ஜப்பான்காரர்கள் பேசியதை என் மேலதிகாரிக்கும், அவர் பேசியதை அவர்களுக்கும் சொல்லிச் சொல்லி இரண்டு நாளில் தொண்டை வறண்டுவிட்டது. வேலை முடிந்து மேலதிகாரி ஊருக்குத் திரும்பினார். நான் நான்கு நாள் லீவு போட்டுவிட்டுப் பெர்ன் பக்கம் வந்தேன். காரணம் ஒரு விளக்குமாறு.

ஏழு வருடங்களுக்கு முன் இதே கம்பெனி என்னை ஆறு மாதப் பயிற்சிக்கு ஹொக்கைடோவுக்கு அனுப்பியது. ஜப்பானின் வடக்கு மூலை. வெங்காயம், உருளைக்கிழங்கு, பனி, இந்த மூன்றும்தான் அந்த ஊர். அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேஜை ஹயாசே சான். ‘சான்’ என்பது நம் ஊர் ‘ங்க’ மாதிரி, பெயரோடு ஒட்டிக்கொள்ளும் மரியாதை. காலை எட்டரைக்கு வருவார், லீவு விண்ணப்பங்களுக்கு வரிசையாக முத்திரை குத்துவார். மூன்று மணி ஆனதும் மேஜைக்கு அடியிலிருந்து நீளமான துடைப்பம் ஒன்றை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

பாவம், இவ்வளவு நல்ல மனுஷிக்கு இரண்டு வேலை போலிருக்கிறது, சாயங்காலம் எங்கோ கூட்டிப் பெருக்கப் போகிறார் என்று எனக்கு மனசு கேட்கவில்லை. நான்காவது நாள் அவர் பின்னாலேயே ஓடி, “நானும் வந்து கொஞ்சம் பெருக்கித் தருகிறேன்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. “மிக்க நன்றி, கரா சான்” என்று என்னைக் கையோடு அழைத்துப் போனார். என் பெயர் கலா. ஜப்பானியர் நாக்கில் ‘ல’ நிற்காது. அவர் என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் ஒரு பெரிய ஐஸ் தளம். அவர் ஜப்பானின் முதல் தர கர்லிங் ஆட்டக்காரர்களில் ஒருவர் என்று அங்கேதான் தெரிந்தது.

கர்லிங் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: ஐஸ் மேல் கேரம். காயின் என்பது கைப்பிடி வைத்த கருங்கல், கிட்டத்தட்ட இருபது கிலோ. குழி கிடையாது, அந்தக் கோடியில் வட்டம் வரைந்திருக்கும். ஒரு அணிக்கு நான்கு பேர், ஆளுக்கு இரண்டு கல். எல்லாக் கல்லும் போன பிறகு யாருடைய கல் வட்டத்தின் நடுவுக்கு மிக அருகில் இருக்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. இப்படி எட்டுச் சுற்று. துடைப்பம் எதற்கென்றால், போகிற கல்லுக்கு முன்னால் ஐஸை வேகமாகத் தேய்த்தால் கல் கூடுதல் தூரம் போகும், வளையாமல் போகும். கேரம் போர்டில் போரிக் பவுடர் தூவுவோமே, அந்த வேலை.

கேரம் என்றதும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். காலேஜ் ஹாஸ்டலில் நான் கேரம் சாம்பியன். ஸ்ட்ரைக்கரை எடுக்கும்போது சுண்டுவிரலால் காயினை ஒரு நூல் நகர்த்துவதில் எனக்கு நிகர் யாரும் கிடையாது. யாராவது கேட்டால், “நான் தொடவே இல்லை” என்று சாமி மேல் சத்தியம் செய்வேன். தோற்பது எனக்கு உடம்புக்கு ஆகாது.

ஹயாசே சானுக்கு அது பழகிவிட்டிருந்தது. பதினெட்டு வயதில் கம்பெனி அணியில் சேர்ந்தவர். தேசிய சாம்பியன் பட்டம் ஒரு தடவை. ஒலிம்பிக் போகும் அணியைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில் இரண்டு தடவை கடைசி ஆட்டத்தில் தோல்வி, அதில் ஒன்று ஒரு விரற்கடை வித்தியாசத்தில். முழங்காலில் ஒரு அறுவை சிகிச்சை. கூட ஆடியவர்கள் கல்யாணம் செய்துகொண்டு போனார்கள், சிலர் குழந்தையோடு திரும்பி வந்து மறுபடியும் போனார்கள். இவர் மட்டும் அதே இடத்தில் இருந்தார். இப்போது முப்பத்தொன்பது வயது. அணியில் மற்ற மூவரும் இருபதுகளில் இருக்கும் பெண்கள்.

நான் சுவிட்சர்லாந்து வருகிறேன் என்று எழுதியபோது, அவரும் அதே வாரம் பெர்ன் பக்கத்தில் ஒரு போட்டிக்கு வருவதாகப் பதில் போட்டார். கீழே இரண்டே வரி. “இதில் அரையிறுதிக்குப் போகாவிட்டால் கம்பெனி அணியைக் கலைத்துவிடும். முடிந்தால் வாருங்கள்.” முடியாமல் போகுமா?

வெள்ளிக்கிழமை காலை விடுதியிலிருந்து ஒரு நிலையம் தள்ளியிருந்த கர்லிங் அரங்குக்கு ரயிலில் போனேன். உள்ளே இரண்டு உலகம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐஸ், இந்தப் பக்கம் சுகமான சூட்டில் ஒரு உணவகம். கண்ணாடியோரம் மேஜை போட்டு, தாத்தாக்கள் காலை ஒன்பதரைக்கே வெள்ளை ஒயினோடு ஆட்டம் பார்க்கிறார்கள். நான் ரோஸ்டி வாங்கினேன். துருவிய உருளைக்கிழங்கை வெண்ணெயில் முறுக முறுகத் தோசை மாதிரி சுட்டிருந்தார்கள். மேலே ஒரு முட்டை. தொட்டுக்கொள்ள ஒரு காரச் சட்னி மட்டும் இருந்திருந்தால் நான் இந்த நாட்டிலேயே விண்ணப்பம் போட்டுக் குடியேறியிருப்பேன்.

முதல் ஆட்டத்தில் ஹயாசே சான் அணி ஜெயித்தது. ஆட்டத்தின் நடுவே சின்ன இடைவேளை வந்தது. நான் ஊரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கடலை மிட்டாயை நான்கு பேரும் வட்டமாக நின்று கடித்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். என் மிட்டாயால்தான் ஜெயித்தார்கள் என்று வீட்டுக்குப் போன் செய்தேன். என் வீட்டுக்காரருக்கு நான் சொல்வது எதுவும் ஒரு தடவையில் கேட்காது, ஆகவே கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். தாத்தாக்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“நீங்கள் இந்தியாவோ?”

பின்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். தடித்த ஜாக்கெட், ரப்பர் பூட்ஸ், முதுகில் பூச்சிமருந்து அடிக்கிற மாதிரி ஒரு தண்ணீர்ப் பீப்பாய்.

“ஆமாங்கண்ணா, வேலூர். நீங்க?”

“நான் யாழ்ப்பாணம். தேவன். என்னை அண்ணை எண்டு கூப்பிடுங்கோ. இஞ்ச ஐஸ் போடுறது நான்தான். இவ்வளவு வருஷத்தில இந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில ஒருத்தர் தமிழில கத்திக் கதைச்சு இண்டைக்குத்தான் கேக்கிறன்.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு முன் என்னை வாசல் வரை அழைத்துப்போய்த் தன் வேலையைக் காட்டினார். குழாயை இடமும் வலமும் வீசியபடி ஐஸ் மேல் பின்பக்கமாகவே நடக்கிறார். பொடிப் பொடியாக விழுகிற வெதுவெதுப்பான தண்ணீர் அப்படியே உறைந்து வேர்க்குரு மாதிரி நிற்கிறது. கல் அந்தப் புள்ளிகள் மேல்தான் வழுக்கிக்கொண்டு போகுமாம். வழவழப்பான ஐஸ் என்றால் பாதி தூரம்கூடப் போகாதாம்.

“ஏன் அண்ணை பின்னாடியே நடக்கறீங்க?”

“முன்னுக்கு நடந்தா, நான் போட்டதை நானே மிதிப்பன். முதல்ல நான் கூட்டித் துடைக்கத்தான் வந்தனான், தங்கச்சி. ஒருநாள் ஐஸ் போடுற ஐஸ்மைஸ்டருக்கு முதுகு பிடிச்சிட்டுது. இண்டைக்கு மட்டும் நீ தண்ணி தெளி எண்டார். இருபத்திமூண்டு வருஷமாச்சு, இன்னும் தெளிச்சுக்கொண்டிருக்கிறன்.”

இரண்டாவது ஆட்டத்தில் நம் அணி தோற்றது. ஆக, சனிக்கிழமை பிற்பகல் நடக்கும் கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் அரையிறுதி, தோற்றால் அணியே இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

தேவன் அண்ணை விடவில்லை. “உங்கட சிநேகிதியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. வீட்டில கணவாய்க் கறி” என்றார். மற்ற மூன்று பெண்களும் சீக்கிரம் படுக்கப் போனார்கள். ஹயாசே சான் மட்டும், “கணவாய் என்றால் எங்கள் ஊர்க் கணவாயா?” என்று கேட்டுவிட்டுக் கோட்டை மாட்டினார்.

தேவன் அண்ணையின் மனைவி ரஞ்சி அக்கா ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்கிறார். நாள் முழுக்க நோயாளிகளுக்கு உப்பில்லாமல் சமைத்த கோபம் முழுவதையும் அந்தக் கணவாய்க் கறியில் காட்டியிருந்தார். புட்டு, கறி, கத்தரிக்காய்ப் பொரியல். ஹயாசே சான் முதல் வாயிலேயே கண் கலங்கினார். மூக்கைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது முறையும் கேட்டு வாங்கினார். ரஞ்சி அக்காவுக்கு அதற்கு மேல் என்ன சான்றிதழ் வேண்டும்?

“இவர் இவ்வளவு வருஷமா அங்க வேலை, நான் ஒரு மாட்ச் பாத்ததில்லை. சரியான குளிர்” என்றார் அக்கா. “இவவும் அந்தக் கல்லு எறியிறவவோ? டிவியில காட்டுவினம், கடைசிக் கல்லு, எல்லாரும் கத்துவினம். அது இவவோ?”

நான் ஜப்பானிய மொழியில் கேட்டேன். ஹயாசே சான் தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“இல்லை. நான் அணியில் முதல் ஆள். ஒவ்வொரு சுற்றிலும் முதல் இரண்டு கல் என்னுடையவை. பிறகு மற்றவர்கள் எறியும் ஆறு கல்லுக்கும் பெருக்குவேன். கடைசிக் கல் கேப்டனுடையது.”

“ஒருக்காலும் எறிஞ்சதில்லையோ?”

“இருபத்தொரு வருடத்தில் ஒரு ஆட்டத்திலும் எறிந்ததில்லை” என்றார். சோகமாகச் சொல்லவில்லை. எனக்கு இடக்கைப் பழக்கம் என்று சொல்வதைப் போலச் சொன்னார். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் ரஞ்சி அக்காதான் தாங்க முடியாமல், “அட கடவுளே” என்று இன்னும் ஒரு அகப்பை கறியை அவர் தட்டில் ஊற்றினார்.

சனிக்கிழமை எதிரணி உள்ளூர்க்காரர்கள். கேப்டன் நெட்டையான சுவிஸ் பெண், கன்னமெல்லாம் சிவப்பு. அவர் பெயரை உச்சரிக்க மூன்று தடவை முயன்று கைவிட்டேன். உணவகத்தில் அன்று தாத்தாக்களோடு அவர்கள் பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள். தேவன் அண்ணை வேலை முடிந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நீங்க யார் பக்கம் அண்ணை?”

“நான் ஐஸ் பக்கம்.”

ஏழு சுற்று முடிந்தபோது இரண்டு அணியும் சமம். கடைசிச் சுற்றில் கடைசிக் கல் நம்முடையது. அது பெரிய வசதி, பேட்டிங்கில் கடைசிப் பந்து நம் கையில் இருப்பதைப் போல. வட்டத்துக்குள் சுவிஸ் கல் ஒன்று நடுவுக்கு அருகே நின்றது. அதைவிட உள்ளே நம் கல்லைக் கொண்டுபோய் வைத்தால் போதும். இருபத்துநான்கு வயது ஜப்பானியக் கேப்டன் குனிந்து, சறுக்கி, கல்லை விட்டாள்.

கொஞ்சம் மெதுவாக வந்தது. ஹயாசே சானும் இன்னொரு பெண்ணும் பெருக்க ஆரம்பித்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தம் கேட்காது. முப்பத்தொன்பது வயது முழங்கால் அந்த நீளம் முழுக்க ஓடியதையும், தோள் இரண்டும் குலுங்கியதையும் மட்டும் பார்த்தேன். நான் எழுந்து நின்றுவிட்டேன். வட்டத்துக்கு முன்னால் உள்ள கோட்டைக் கல் தாண்டியது. இன்னும் பெருக்கினார்கள். கல் நடுவை நோக்கி வளைந்தது.

ஹயாசே சான் சட்டென்று நிமிர்ந்து வலது கையை உயர்த்தினார்.

கல் போய் நின்றது. சுவிஸ் கல்லைவிட ஒரு சாண் உள்ளே. நான் கத்தினேன், கை தட்டினேன், யாரோ ஒரு தாத்தாவின் ஒயினைத் தட்டிவிடப் பார்த்தேன். ஆனால் ஐஸ் மேல் ஒருவரும் குதிக்கவில்லை. ஹயாசே சானின் கை இன்னும் இறங்கவில்லை.

“என்ன அண்ணை? ஜெயிச்சாச்சுதானே?”

தேவன் அண்ணை தலையைத் தடவிக்கொண்டார். “துடைப்பம் கல்லில பட்டிட்டுதெண்டு சொல்லுறா.”

“யார் சொன்னது? நடுவரா?”

“இல்லை. அவவேதான் கையைத் தூக்கினா. இந்த விளையாட்டில தொட்ட ஆள்தான் சொல்லோணும். பிறகு எதிர்க் கேப்டன் முடிவெடுக்கலாம். கல்லை விட்டு வைக்கலாம், வேணாமெண்டால் எடுக்கச் சொல்லலாம்.”

நெட்டைப் பெண் வந்தாள். எங்கே என்று கேட்டிருப்பாள் போலிருக்கிறது, ஹயாசே சான் துடைப்பத்தால் இடத்தைக் காட்டினார். அவள் கொஞ்ச நேரம் கல்லைப் பார்த்தாள். பிறகு கையை ஓரமாக அசைத்தாள். ஹயாசே சானே குனிந்து கல்லை வட்டத்துக்கு வெளியே தள்ளினார். சுவிஸ் கல்லுக்குப் புள்ளி. கையுறையைக் கழற்றிக்கொண்டு எட்டுப் பேரும் கை குலுக்கினார்கள். இருபத்தொரு வருடம் முடிந்தது.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. நெட்டைப் பெண் மேல் கோபம், நடுவர் மேல் கோபம், எல்லாவற்றையும்விட அந்தக் கையை உயர்த்திய ஹயாசே சான் மேல் கோபம். அழுகையும் வந்தது. தேவன் அண்ணை காகிதக் கைக்குட்டையை நீட்டினார்.

இதற்குப் பிறகுதான் உச்சக்கட்ட வேடிக்கை. கர்லிங்கில் ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் ஒரே மேஜையில் உட்கார வேண்டுமாம், ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்குக் குடிக்க வாங்கித் தர வேண்டுமாம். கோர்ட்டில் கேஸ் ஜெயித்தவன் தோற்றவனுக்கு டீ வாங்கிக் கொடுப்பதை நம் ஊரில் நினைத்துப் பாருங்கள், டம்ளர் பறக்கும். நெட்டைப் பெண் தட்டு நிறைய பியரும் ஆப்பிள் ரசமும் தூக்கிக்கொண்டு வந்தாள். எனக்கும் ஒன்று வைத்தாள். நான் தொடவில்லை. நான்தான் மொழிபெயர்ப்பாளர் என்பதால் எழுந்தும் போக முடியவில்லை.

“நீங்கள் அந்தக் கல்லை விட்டு வைத்திருக்கலாம்” என்று இங்கிலீஷில் சொல்லியேவிட்டேன். மொழிபெயர்ப்பாளர் சொந்தமாகப் பேசக் கூடாது, தெரியும்.

அவள் கன்னம் இன்னும் சிவந்தது. “விட்டு வைத்தால், பட்டுவிட்டது என்று அவர் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று ஆகிவிடுமே” என்றாள்.

நான் ஹயாசே சான் பக்கம் திரும்பினேன். “கடுகளவு பட்டிருக்கும். யாருமே பார்க்கவில்லை. உங்கள் அணியே போய்விட்டதே, எதற்குச் சொன்னீர்கள்?”

கேப்டன் பெண் அவர் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் தலையைத் தடவிக்கொண்டே பதில் சொன்னார்.

“கரா சான், கேப்டன் தூரத்தில் நிற்கிறாள். கல் வேகமா, மெதுவா, எங்கே நிற்கும் என்று கூடவே ஓடுகிற நான்தான் சொல்ல வேண்டும். இருபத்தொரு வருடமாக நான் சொன்னதை அப்படியே நம்பித்தான் எல்லோரும் ஆடினார்கள். பெருக்குவது பாதி வேலைதான். சொல்வது மீதி வேலை. கடைசிக் கல்லில் மட்டும் அந்த வேலையைச் செய்யாமல் விடுவதா?”

ஆப்பிள் ரசத்தைக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

தேவன் அண்ணை தூரத்தில் இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிளம்பும்போது வாசலில் வந்து, “காலையில ஏழு மணிக்கு நான் வந்திடுவன். அரையிறுதிக்கு ஐஸ் போட்டிட்டு, ரெண்டு கல்லு விட்டுப் பாக்கோணும். முதுகு சரியில்லை எனக்கு. உங்கட சிநேகிதி வந்து விட்டுத் தந்தா உதவியா இருக்கும் எண்டு சொல்லுங்கோ” என்றார். முதல் நாள் இருபது லிட்டர் பீப்பாயைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தவர் இவர். அந்த முதுகுக்கு ஒரு குறையும் இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஞாயிறு காலை ஊரே செத்த அமைதி. இங்கே ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி போத்தலைக்கூடக் குப்பையில் போடக் கூடாதாம், சத்தம் வரும் என்று. ரயில் கதவை முதல் அமுக்கிலேயே சரியான பக்கத்தில் திறந்து இறங்கினேன். பார்த்துப் பாராட்டத்தான் நடைமேடையில் ஒருவரும் இல்லை.

அரங்கில் தேவன் அண்ணை வேர்க்குரு போட்டு முடித்திருந்தார். ஹயாசே சான் அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நான் என் ஷூவுக்கு மேல் வழுக்காத ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, அவர் கொடுத்த துடைப்பத்தோடு நடுத் தளத்தில் நின்றேன். ஏழு வருடத்துக்கு முன் பெருக்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவள் நான்தானே.

“ஒரு கல் போதும்” என்றார் ஹயாசே சான். “எட்டாவது சுற்று, கடைசிக் கல் என்று வைத்துக்கொள்வோம். நான் கத்தினால் பெருக்குங்கள்.”

அவர் குனிந்தார். பின்னால் உந்தி, முன்னால் சறுக்கி வந்தார். இவ்வளவு மெதுவாக, இவ்வளவு நேரம் ஒரு ஆள் தரையோடு தரையாக வருவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும், உடம்பு புல்லரித்துவிட்டது. கல் கையைவிட்டுப் பிரிந்தது. நான் கூடவே ஓடினேன். பாதி தூரத்தில் பின்னாலிருந்து கத்தினார். பெருக்கினேன். வேலூரில் மழைத் தண்ணீரை வாசலில் தள்ளுவோமே, அந்த ஆவேசத்தில் பெருக்கினேன். இரண்டு தடவை விழப் பார்த்தேன். வட்டத்தின் நீல வளையம் வந்தது, சிவப்பு வந்தது. கடைசியாக ஒரு இழு இழுத்தேன். மணிக்கட்டில் டக் என்று ஒன்று தெரிந்தது.

கல் நடு மையத்தில் நின்றது. ஒரு நூல் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இல்லை.

பீப்பாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த தேவன் அண்ணை திரும்பிப் பார்த்து, “நடுவில தங்கச்சி! நட்ட நடுவில!” என்று கத்தினார். அந்தக் கோடியில் ஹயாசே சான் மண்டியிட்டபடியே இரண்டு கையையும் மேலே தூக்கியிருந்தார். அந்த மனுஷி அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

துடைப்பம் பட்டதை யாரும் பார்க்கவில்லை. பட்டதால் கல் நகர்ந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. இது ஆட்டமே இல்லை, எதிரணி இல்லை, இருபத்தொரு வருடத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே கடைசிக் கல். சொல்லாமல் இருந்துவிடு, கலா, இது புண்ணியம் என்று என் சுண்டுவிரல் எனக்குச் சொன்னது. முப்பது மீட்டர் தள்ளி அவர் சிரித்துக்கொண்டிருந்தார். என்னை நம்பித்தான் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் வலது கையை உயர்த்தினேன்.

“பட்டுவிட்டது!” என்று கத்தினேன். தமிழில்தான் வந்தது. ஜப்பானிய மொழியில் இன்னொரு தடவை கத்தினேன்.

சிரிப்பு அடங்க ஒரு கணம் ஆனது. எழுந்து, சறுக்கிக்கொண்டே வந்தார். பக்கத்தில் நின்று கல்லைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். இடத்தைக் காட்டச் சொன்னார். துடைப்பத்தால் காட்டினேன். அவர் தலையசைத்துவிட்டு, நடு மையத்தில் நின்ற கல்லைக் காலால் மெதுவாகத் தள்ளி வட்டத்துக்கு வெளியே விட்டார்.

“இன்னொண்டு விடச் சொல்லுங்கோ தங்கச்சி, ஐஸ் நிறைய இருக்கு” என்றார் தேவன் அண்ணை.

நான் சொன்னேன். ஹயாசே சான் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுக் கையுறையைக் கழற்றிக் கையை நீட்டினார். தேவன் அண்ணைக்கும் எனக்கும் கை குலுக்கினார். ஆட்டம் முடிந்தால் செய்வதைப் போல.

வெளியே நடைவழியில் ஒரு காபி மெஷின் உண்டு. மூக்கைத் துடைத்துக்கொண்டு, “இப்போது காபி யார் வாங்குவது?” என்று கேட்டேன்.

“ஜெயித்தவர்” என்றார் ஹயாசே சான். சொல்லிவிட்டு, தானே போய் மூன்று காபி வாங்கிக்கொண்டு வந்தார்.